கரி பூசிய அப்பா

என் சமையலறைச் சுவரில் ஒரு தகரக் குழல் தொங்குகிறது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. ஒரு பக்கம் வாய் வைக்கும் அளவுக்கு ஒடுக்கி, மறுபக்கம் ஊமத்தம்பூ மாதிரி விரித்து, ஓரம் கையைக் கிழிக்காதபடி மடித்து அடித்திருக்கும். வாய் வைக்கும் இடத்தில் சுற்றிய சிவப்புத் துணி எப்போதோ கறுத்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணெய் ஊற்றும் புனல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மருமகள் ஒருமுறை அப்படியே எடுத்து எண்ணெய் ஊற்றப் போனாள். கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். அது என் சித்தப்பாவின் குழல். அதன் வழியாகத்தான் அவர் ஒரு துரையைக் கொட்டகை நிறைய ஆள் பார்க்கத் தலைகுனிய வைத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு வயிறு குளிர்கிறது. பெரிய மனசோடு மறந்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாவுக்கு யாரும் கரி பூசவில்லை.

நான் சொல்வது பேசும் படம் வருவதற்கு முந்திய ரங்கூன். திரையில் ஆள் வாயசைப்பான், சத்தம் வராது. இடையிடையே இங்கிலீஷில் எழுத்து வரும். மாடியில் உட்கார்ந்த துரைமார்களும் படித்தவர்களும் அதை வாசித்துக்கொள்வார்கள். கீழே பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்த நம்மவர்களுக்கு யார் சொல்வது? அதற்குத்தான் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி தமிழர்களுக்கென்றே நடக்கும். திரைக்கு ஓரமாக ஒரு முக்காலியில் ஏறி நின்று, ஒரு கையில் மூங்கில் குச்சியும் மறு கையில் குழலுமாக அவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். கதாநாயகி அழுதால் இவர் அழுவார், திருடன் வந்தால் இவர் தொண்டை கரகரக்கும், குதிரை ஓடினால் நாக்கால் குளம்புச் சத்தம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பர்மியக் கிழவர் மேளமும் மூங்கில் கட்டைகளும் வைத்துக்கொண்டு வாசிப்பார். அவரை எல்லோரும் சயா என்போம். பர்மாவில் வாத்தியார், வித்வான் எல்லோருக்கும் அந்த மரியாதைதான்.

முக்காலியில் ஏறினால்தான் சித்தப்பாவுக்கு அந்தக் குரல். இறங்கிவிட்டால் பயந்த சுபாவம். மேனேஜருக்குப் பயம், போலீஸ்காரனுக்குப் பயம், எங்கள் வரிசை வீட்டுச் சொந்தக்காரருக்குப் பயம். வீட்டில் அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. "தம்பி, அந்தக் குழலைக் கொண்டாந்து பேசு, அப்பதான் காதுல விழும்" என்று அம்மா கேலி செய்வாள். கல்யாணம் ஆகாதவர். அப்பா போனபின் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே ஆண்துணை அவர்தான்.

அப்பா போனது எப்படி என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. க்யிம்யிண்டைங் படகுத்துறை ஜெட்டியில் அப்பாவுக்குக் கயிறு போடும் வேலை. அந்தப் பெயர் நம் வாயில் நுழையாமல் எல்லோரும் கெம்மண்டைன் என்பார்கள். அக்கரையிலிருந்து வரும் லாஞ்சு கரைக்கு அணையும்போது வடத்தைப் பிடித்து ஜெட்டித் தூணில் சுற்றிக் கட்ட வேண்டும், கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும். ஜெட்டி வாசலில் அம்மா பயாஜோ போட்டு விற்றாள். நம் பருப்பு வடைதான், பர்மாவில் அதற்கு அந்தப் பெயர். ஜெட்டிக்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை சாயங்காலம் தவறாமல் அம்மாவிடம் வந்து நிற்பார். பல வருஷம் நம்மாட்களை மேய்த்ததில் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "அம்மா, காரம் கம்மி இருக்குதா?" என்று கேட்டு வாங்கி, அங்கேயே நின்று தின்பார். அம்மாவும் அவருக்கென்று காரம் குறைத்துத் தனியாக மாவு பிசைந்து வைப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை ஓய்ந்தபின் வரும் விளக்குப் பண்டிகை முழுநிலா நாள். அக்கரைப் புத்தர் கோயிலுக்குப் போனவர்கள் சாயங்காலம் லாஞ்சு கொள்ளாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இறங்கும் நெரிசலில் லாஞ்சுக்கும் ஜெட்டிக்கும் நடுவே போட்டிருந்த பலகை முறிந்தது. பர்மியப் பெண்கள், நம் பெண்கள், குழந்தைகள் எல்லோரும் இடுக்கில் விழுந்தார்கள். கடல் ஏற்றம் வடியத் தொடங்கி ஆறு இழுத்துக்கொண்டிருந்த நேரம். அப்பா இராமநாதபுரம் கடற்கரைக்காரர், தண்ணீர் அவருக்குத் தரை மாதிரி. வடத்தின் முனையைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டுக் குதித்தார். முங்கி முங்கி ஒவ்வொருவராகத் தூக்கி மேலே இருந்த கைகளில் கொடுத்தார். அம்மா வாங்கிய குழந்தைகளில் ஒன்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அப்போது லாஞ்சு நீரோட்டத்தில் இழுபட்டுச் சாய ஆரம்பித்தது. ஜெட்டி மேலே நின்றிருந்த துரை தமிழில் கத்தினார்: "கயித்த விடு!" பிடித்தவன் விட்டுவிட்டான். லாஞ்சு சுழன்று திரும்பியபோது அதற்கும் தூணுக்கும் நடுவில் அப்பா இருந்தார். இடுப்பு நொறுங்கிக் கிடந்து, அடுத்த மழைக்கு முன்பே போய்விட்டார்.

துரை அப்படிச் சொன்னது தப்பா சரியா என்று எனக்குத் தெரியாது. கயிற்றை விடாமல் இருந்திருந்தால் லாஞ்சே கவிழ்ந்து இன்னும் பல பேர் போயிருப்பார்கள் என்று படகுக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். அதற்காக நான் அவரைப் பகைக்கவில்லை. பத்திரிகையில் ஜெட்டித் துரை ஆற்றில் குதித்து ஏழைகளைக் காப்பாற்றினார் என்று வந்தது. அவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள மெடல் வந்தது. அவர் மறுக்கவில்லை. அன்று அவருடைய பூட்ஸ்கூட நனையவில்லை. அப்பாவின் உயிரை ஆறு எடுத்தது, சரி. அப்பா குதித்த குதியை இவர் எடுத்துக்கொண்டதற்குத்தான் எனக்கு ஆத்திரம்.

அது அத்தோடு போயிருந்தால்கூட எங்கள் வீட்டுக்குள் கிடந்து மக்கிப்போயிருக்கும். சில காலம் கழித்து வெளியூரிலிருந்து படம் பிடிக்கிறவர்கள் வந்து ஜெட்டியில் மூன்று கால் பெட்டியை நிறுத்தினார்கள். என்ன கதை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவின் அடுப்புப் புகை படத்தில் விழுகிறது என்று அணைக்கச் சொன்னவர்கள், சும்மா இருக்கிற பெண்கள் கூட்டத்தில் நின்று அழுதால் கூலி உண்டு என்றார்கள். மொழி சொல்ல வந்தவன், "ஆத்துல ஆளுங்க விழுறாங்க, நீங்க பாத்து அழணும், அவ்வளவுதான்" என்றான். அம்மாவும் போய் நின்றாள். பலகை முறிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அதே தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் அழுத அழுகையைப் பார்த்து மற்றப் பெண்கள் பயந்துவிட்டார்கள். படம் பிடிக்கிறவன் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்துக்குக் கிட்டே ஓடி வந்தான். ரொம்ப நன்றாக அழுதாய் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்களாம். அம்மா கூலி வாங்காமல் வந்துவிட்டாள். அவள் யாருடைய பெண்டாட்டி என்று அவர்கள் கேட்கவே இல்லை.

படம் ரங்கூனுக்கு வந்தது. 'நடந்த உண்மைக் கதை' என்று சுவரெங்கும் ஒட்டினார்கள். மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கதைக் காகிதத்தை இந்துஸ்தானியில் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டி, இதன்படியே சொல்லிவிடு என்றார். முதல் ஞாயிறு அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரையில் கயிறுகாரன் வந்தான். ஒரு வெள்ளைக்காரன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். பலகை முறிந்ததும் அவன் தூணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். துரை தொப்பியோடு ஆற்றில் குதித்தார். எல்லோரையும் கரை சேர்த்தார். கடைசியில் கால் வழுக்கி விழுந்த கயிறுகாரனையும் காப்பாற்றினார். அவன் துரையின் காலில் விழுந்தான். துரை அவனைத் தூக்கி நிறுத்திக் கைகுலுக்கி, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அதற்கு எழுத்து எதுவும் வரவில்லை. மாடியில் உட்கார்ந்திருந்த படித்தவர்கள் கைக்குட்டை எடுத்தார்கள். அவர்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. சித்தப்பா காகிதத்தில் இருந்ததை எல்லாம் அப்படியே சொன்னார்.

அன்று வீட்டில் அம்மா அவர் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அண்ணி, வேலை போயிரும்" என்றார் சித்தப்பா.

"உங்க அண்ணன் தூணைக் கட்டிக்கிட்டு அழுதாருன்னு கொட்டகை முச்சூடும் சொன்ன வாய், என் கையால சோறு கேக்குதா?"

"படத்துல அப்படித்தானே இருக்கு அண்ணி. நான் என்ன பண்ண?"

"படத்துக்கு வாய் இல்ல தம்பி. வாய் உன்கிட்ட இருக்கு."

அந்த வாரம் அவர் டீக்கடையில் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு போகும்போது, "அண்ணி, நீங்க வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் தொடங்கியது. முக்காலியில் ஏறி நின்ற சித்தப்பா சனங்களைப் பார்த்து, "ஐயா, தாய்மாரே, போன வாரம் நான் ஆள் தெரியாமச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். "இந்தப் படத்துல வேசம் மாறிக் கெடக்கு. வெள்ளையாத் தெரியறாரே, இவருதான் கயிறு போடற என் அண்ணன். அந்தா கரி பூசிக்கிட்டு முண்டாசோட முழிக்கறாரே, அவருதான் ஜெட்டித் தொரை. வெள்ளைக்காரன் கரி பூசிக்கிட்டு என் அண்ணனா நடிக்கலாம்னா, என் அண்ணன் மாவு பூசிக்கிட்டுத் தொரையா நடிக்கக் கூடாதா?"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மூட்டை தூக்குகிறவர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிக் கொட்டகை முழுக்கப் பரவியது. அதற்கப்புறம் சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. கரி பூசியவன் தூணைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "அழாதீங்க தொரை, மெடல் வரும்" என்றார். சனங்கள் பெஞ்சைத் தட்டினார்கள். வெள்ளையாக இருந்தவன் குதித்தபோது, "அண்ணன் குதிக்கறாரு, வழி விடுங்க" என்று அவர் குரல் உடைந்தது. அன்று ஜெட்டியில் நின்றவர்கள் பலர் அங்கே இருந்தார்கள், அவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஏறியவனின் தலை வகிடுகூடக் கலையாமல் இருந்தது. "மாவு கரைஞ்சிரக் கூடாதுன்னு ஆறே ஒதுங்கிப் போயிருச்சு" என்றார். காலில் விழுகிற காட்சியில் கரி வழிந்து கழுத்தில் வெள்ளைத் தோல் தெரிந்தது. குச்சியால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "நான் சொன்னேனே, நம்புனீங்களா?" என்றார். சயாவுக்கு எப்படியோ விஷயம் விளங்கிவிட்டது. கரி பூசிய துரையாகப்பட்டவன் வரும்போதெல்லாம் பொம்மலாட்டக் கோமாளிக்கு வாசிக்கிற தாளத்தை வாசித்தார்.

நடுவில் அம்மாவின் முகம் திரை நிறைய வந்தது. சித்தப்பா குழலை இறக்கிவிட்டார். அந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சயாவும் கையை எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் பொய்யில்லாத இடம் அது ஒன்றுதான்.

கடைசியில் கைகுலுக்கல். "அண்ணன் காதுல என்ன சொல்றாரு தெரியுமா?" என்று கேட்டுச் சற்று நிறுத்தி, "'பொய் சொல்லிச் சேத்த மெடல் சட்டையக் கிழிச்சிரும் தம்பி'ங்கறாரு" என்று முடித்தார். அன்று அம்மா தட்டை நிமிர்த்திச் சோறு போட்டாள். மீன் குழம்பு வைத்திருந்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காதுப் பேச்சு மாறும். ஒரு வாரம், "'என் பெண்டாட்டி காரம் கொறச்சுப் போட்டுக் குடுத்தாளே, அந்த நன்றி எங்க போச்சு?'ங்கறாரு." இன்னொரு வாரம், "'பூட்ஸ் காஞ்சிருக்கு, இப்பவாவது தண்ணியில எறங்கு'ங்கறாரு." அதைக் கேட்கவே கூட்டம் வந்தது. வாரம் முழுக்க ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், படத்தை மாற்றவே இல்லை. ஒருநாள் சயா மட்டும் கேட்டார், "நீ சொல்வதும் பொய்தானே? உன் அண்ணன் வெள்ளையாக இருந்தாரா, துரை யார் காலிலாவது விழுந்தாரா?" என்று. சித்தப்பா யோசித்தார். "பொய்தான் சயா. ஆனா என்னுது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும், கரி வழியறது கண்ணுக்கே தெரியுது. அவங்களது சுவத்துல உண்மைன்னு ஒட்டியிருக்கே" என்றார். எனக்கு இன்றுவரை அந்தப் பதில் போதும்.

அப்பாவின் கதையில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அம்மா சொல்லவிடவில்லை. "அதை வச்சிரு. அதுக்கு உரியவரு வரட்டும்" என்றாள்.

உரியவர் வந்தார். துரை வேலை முடிந்து சீமைக்குக் கப்பலேற இருந்தார். மேனேஜர்தான் போய் அழைத்திருக்கிறார். உங்கள் ஆட்கள் வாராவாரம் உங்கள் படத்துக்குக் கொட்டகையை நிரப்புகிறார்கள், ஊருக்குப் போகுமுன் அவர்கள் அன்பை ஒருமுறை பாருங்கள் என்று சொன்னாராம். மாடியில் பூத்தோரணம் கட்டினார்கள். செய்தி கேட்டுச் சித்தப்பா அம்மாவிடம் ஓடி வந்தார். "அண்ணி, இந்த ஒரு வாரம் காகிதத்துல இருக்கறபடி சொல்லிரட்டா? தொரைக்குத் தமிழ் தெரியும். ஜெயில்ல போட்ருவாரு."

"எதுக்காகப் போடணும்னு அவருதான வாயத் தொறந்து சொல்லணும்?" என்றாள் அம்மா. "சொல்லட்டும். தமிழ் தெரிஞ்சவரு வர்றதுதான் நல்லது." பிறகு கொஞ்சம் தணிந்து, "அந்த வார்த்தைய இன்னைக்குச் சொல்லிரு தம்பி" என்றாள்.

துரை மனைவியோடு மாடியில் வந்து உட்கார்ந்தார். கீழே எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா முக்காலியில் ஏறினார். "வேசம் மாறிக் கெடக்கு" என்ற முதல் வார்த்தையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பயம்தான். அவர் நிறுத்தவில்லை. ஒரு நையாண்டிகூட இல்லாமல், கோயிலில் கதை படிப்பது மாதிரி, அப்பா குதித்ததை, முங்கியதை, தூக்கிக் கொடுத்ததை எல்லாம் நிதானமாகச் சொன்னார். அம்மாவின் முகம் திரையில் வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். மாடியைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றாள். திரையில் அவள் அழுதாள், இங்கே அழவில்லை.

கைகுலுக்கல் வந்தது. சித்தப்பா குழலைத் திரையிலிருந்து மாடிப் பக்கம் திருப்பினார்.

"அண்ணன் காதுல சொல்றாரு, தொரை. 'கயித்த விடு'ங்கறாரு."

துரையின் அதே உச்சரிப்பில் சொன்னார். பிறகு தரையிலிருந்து யாரோ மெதுவாக, "கயித்த விடு" என்றார்கள். அப்புறம் பெஞ்சிலிருந்து. அப்புறம் கொட்டகையே சொன்னது, கத்தவில்லை, எல்லோரும் பேசுகிற குரலில்தான் சொன்னார்கள். திரையில் இரண்டு பேரும் கையை விட்டார்கள். விளக்கைப் போட்டார்கள். துரையின் முகத்தை நான் பார்த்தேன். வெந்த இறால் நிறத்தில் இருந்தது.

மாடிப்படி முடிகிற இடத்தில் அம்மா போய் நின்றுகொண்டாள். கையில் இலைப் பொட்டலம். துரையும் அவர் மனைவியும் இறங்கி வந்தார்கள், பின்னாலேயே மேனேஜர். அம்மா பொட்டலத்தை நீட்டினாள்.

"காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன், தொரை."

துரையின் மனைவி அவரைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அவர் தலையை ஆட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். என்ன சொன்னார் என்று மேனேஜர்தான் பிறகு சித்தப்பாவுக்கு இந்துஸ்தானியில் சொன்னார்: "இந்தப் பாஷை எனக்குத் தெரியாதே என்று துரை சொல்லிவிட்டார். நீ கதை சொன்னதும் ஒரு வார்த்தை புரியவில்லையாம். ஆனால் குரல் நன்றாக இருக்கிறதாம்."

சித்தப்பா அதை அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் சிரித்தாள். அப்பா போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "தெரியாதாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பொட்டலத்தைப் பிரித்து மூன்று பேருமாகத் தின்றோம். காரமே இல்லாமல் சப்பென்று இருந்தது. அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. கப்பலேறி எந்த ஊருக்குப் போனாலும், எந்த மேஜையில் உட்கார்ந்து மெடலைக் காட்டிக் கதை சொன்னாலும், அந்தப் படிக்கட்டில் பெண்டாட்டி எதிரில் விழுங்கிய தமிழ் அவர் தொண்டையிலேயே கிடந்திருக்கும். கிடக்கட்டும்.

பிறகு பேசும் படம் வந்தது. படங்கள் தங்கள் வாயாலேயே பொய் சொல்லக் கற்றுக்கொண்டன, சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்து காலமானார். கடைசிவரை தணிந்த குரல்தான்.

போன மாதம் என் மகன் வீடியோப் பெட்டி வாடகைக்கு எடுத்து வந்தான். படம் தொடங்குமுன், இது நடந்த உண்மைச் சம்பவம் என்று எழுத்து வந்ததாம். பேத்தி வாசித்துச் சொன்னாள். ஒரு வெள்ளைக்கார டாக்டர் கறுப்பர்கள் ஊருக்குப் போய் எல்லோரையும் பிழைக்க வைக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கறுத்த ஆள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்தான். ஆற்றைத் தாண்டும்போதும் அவன் தலையில்தான் பெட்டி. அவனுக்குப் பேச்சு வைக்கவில்லை. என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மருமகள் மூக்கை உறிஞ்சினாள். பர்மாவிலேயே வளர்கிற பேத்திக்குத் தமிழைவிடப் பர்மியம்தான் சுலபம். அவள் என் மடியில் சாய்ந்து பர்மிய மொழியில், "இதில் யார் நம்ம ஆள்?" என்று கேட்டாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். ஆணியிலிருந்து குழலை எடுத்து, உள்ளே படிந்திருந்த தூசியை ஊதிவிட்டு, வீடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். "என்னம்மா இது?" என்றான் மகன். திரையில் டாக்டர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டிக்காரன் அவர் காலைத் தொட்டான். அவர் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார்.

"வெள்ளையா இருக்காரே, அவருதான் நம்ம ஆளு. மாவு பூசியிருக்காங்க" என்று பேத்திக்குச் சொன்னேன்.

"காதுல என்ன சொல்றாரு?"

குழலை வாயில் வைத்து, "'கயித்த விடு'ங்கறாரு" என்றேன். வெள்ளைக்காரரும் பெட்டிக்காரனும் பிடியை விட்டு விலகினார்கள். பேத்தி கைதட்டினாள். அந்தச் சிவப்புத் துணியைத் துடைத்துவிட்டுக் குழலைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.